மேகத்துக்கு வெளியே

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஆடுகிறது. உள்ளே வந்ததிலிருந்து பார்க்கிறேன். கேள்வி கேட்கும்போது இடப்பக்கம் சாய்கிறீர்கள், பதிலை எழுதும்போது வலப்பக்கம். கால்கள் நான்கும் ஒரே உயரம்தான், அவற்றின் மேல் குற்றமில்லை. பின்கால்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்குக் கம்பியில் ஒரு திருகு கழன்றுவிட்டது. இன்னொன்று வேலை செய்வதுபோல் நடித்துக்கொண்டிருக்கிறது. அலுவலகங்களில் இது சகஜம்.

பயப்படாமல் உட்காருங்கள். இன்னும் ஏழெட்டு மாதம் தாங்கும். என் கணக்கு பெரும்பாலும் தப்புவதில்லை. ஒரே ஒரு முறை தப்பியது. அதற்கு வருகிறேன்.

முதலில் நீங்கள் என்னை நம்ப வேண்டும். காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டேன். மூன்று முறையும் பேனாவை மூடி வைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள். வயிறு நிறைந்ததுதான் மிச்சம். "மாமாவைக் காப்பாத்தணும்னு நினைக்கிறது தப்பில்லம்மா. நல்ல மனசுதான். ஆனா கேஸைக் குழப்பாதீங்க" என்றீர்கள். நல்ல மனசு என்று இதுவரை யாரும் என்மேல் பழி போட்டதில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு நாளுக்கு முன்னால், மதியம் மூன்றேகால் மணிக்கு, பாதி கட்டிய நான்கு மாடி இரும்புக் கட்டடம் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். இரண்டாவது மாடியில் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்த இருவர், கீழே நின்ற மேஸ்திரி. ஒன்பது பேர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். கட்டடத்தின் இணைப்புகளை வடிவமைத்தவர் என்று என் மாமாவை, அக்காவின் கணவரை, பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். படத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதை வரைந்தது நான். எட்டு போல்ட் வர வேண்டிய இடத்தில் இரண்டு போட்டது நான். தெரிந்தே போட்டேன். தெரிந்து செய்ததைப் பிழை என்று எழுதுவது சரியில்லை. வேறு சொல் உங்களிடம் இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எதுவரைக்கும் படித்தீர்கள் என்று கேட்டீர்கள். ஒன்பதாம் வகுப்பு என்றேன். உங்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவளால் ஒரு கட்டடத்தை விழவைக்க முடியாது, அதற்கு ஒரு இன்ஜினியர் வேண்டும் என்று நினைக்கிறீர்கள். பொதுவாக அது சரிதான்.

பள்ளியை நான் விட்டதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். வாய் திறக்கவில்லை. பாதிப் பாடவேளை நின்றேன். மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. யாரும் வந்து கேட்கவுமில்லை. அப்போது அக்காவுக்குக் கல்யாணமாகி மாடியில் மாமாவின் அலுவலகம் இருந்தது. வீணான படங்களின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு முன்பக்கத்திலும் போட ஆரம்பித்தேன். பதினோரு வருடம் ஆகிறது.

மாடியில் இரண்டு அறை. முன்னறையில் மாமாவின் கண்ணாடி மேசை, வருகிறவர்களுக்கு நாற்காலி, ஒரு செயற்கைச் செடி. பின்னறையில் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் ஏணி, அக்கா கீழே இடமில்லாமல் மேலே ஏற்றிய பாத்திரப் பெட்டிகள், கணினி, நான். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். சுவருக்குப் பூச்சு இல்லை. எத்தனை செங்கல் என்று எனக்குத் தெரியும்.

வேலை என்னவென்று சொல்கிறேன். நான்கு குச்சிகளை எடுத்துச் சதுரமாக வைத்து, மூலைக்கு ஒரு ஆணி அடியுங்கள். ஒரு விரலால் தள்ளினால் சாய்ந்துவிடும். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஐந்தாவது குச்சி ஒன்றைச் சாய்வாக வைத்து அடியுங்கள். இப்போது தள்ளிப் பாருங்கள், அசையாது. அந்த ஐந்தாவது குச்சிக்குப் பெயர் பிரேசிங். இரும்புக் கட்டடத்தில் தூணும் உத்தரமும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, எல்லோரும் அவர்களைத்தான் பார்ப்பார்கள். சாய்வுக் கம்பி சுவருக்குள் மறைந்து நிற்கும். காற்று தள்ளுவதை முழுக்க வாங்கிக்கொள்வது அதுதான். அந்தக் கம்பி தூணிலும் உத்தரத்திலும் வந்து சேரும் மூலையில் ஒரு தகடு இருக்கும். தகட்டில் துளைகள், துளைகளில் போல்ட். எத்தனை துளை, எவ்வளவு தடிப்பு, எந்தக் கோணம் என்று முடிவு செய்வதுதான் எங்கள் தொழில்.

பெரிய இன்ஜினியர்கள் இதில் கை வைக்க மாட்டார்கள். தூண், உத்தரம் எல்லாம் அழகாகக் கணக்குப் போடுவார்கள். மூலைக்கு வந்ததும் அவர்களுக்கு அலுப்புத் தட்டிவிடும். அங்கே ஒரு வட்டம் போட்டு, "இணைப்பு: மற்றவர்கள் செய்வார்கள்" என்று எழுதிவிடுவார்கள். அந்த மற்றவர்கள் என்பது மாமாவின் அலுவலகம். மாமாவின் அலுவலகத்தில் மாமாவைத் தவிர்த்த மற்றவர் நான்.

ஒவ்வொரு தாளிலும் வலது கீழ் மூலையில் மூன்று கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். மூன்றிலும் மாமாவின் கையெழுத்துதான். முதல் கட்டத்தில் நீலப் பேனா, இரண்டாவதில் கறுப்பு, மூன்றாவதில் பச்சை. மூன்று பேர் பார்த்ததுபோல் இருக்க வேண்டுமாம். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பவரைப் பார்த்தால் ஊரார் அறிவாளி என்பார்கள். மாமாவின் பையில் இருந்தது ஒரு முழு அலுவலகம்.

ஒரு தடவை கேட்டேன். "மாமா, முதல் கட்டத்துல என் பேரைப் போடலாமா?"

அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்படும் மனிதர் இல்லை. "தாராளமா போடலாம்மா. ஆனா அவ என்ன படிப்புன்னு எவனாவது கேப்பான். ஒம்பதாங் கிளாஸ்னு சொன்னா பில்டிங்கே ஆடிப்போயிடும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் இருந்தது அந்த நகைச்சுவை.

பெயர் எனக்குப் பெரிய விஷயமில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். படத்தை யாராவது படிக்கிறார்களா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

எங்கள் படங்கள் கட்டடக்காரரின் ஆலோசனை அலுவலகத்துக்குப் போகும். அங்கே ஒருவர் இருக்கிறார். நானும் அக்காவும் அவரை முத்திரை என்போம். ஒரே ஒரு முறை நேரில் பார்த்தேன், கட்டைவிரல் மை பட்டு ஊதாவாக இருந்தது. காலையில் எண்பத்து நான்கு தாள் அனுப்பினால் சாயங்காலத்துக்குள் எண்பத்து நான்கிலும் முத்திரை விழுந்து வந்துவிடும். முத்திரையின் வாசகம் இது: "பொதுவாகப் பார்க்கப்பட்டது. பிழைகளுக்கு வரைந்தவரே பொறுப்பு." வரைந்தவர் கட்டத்தில் மாமா. மாமா தாளைப் பார்ப்பதில்லை, முத்திரை பார்ப்பார் என்ற நம்பிக்கை. முத்திரை பார்ப்பதில்லை, மாமா பார்த்திருப்பார் என்ற நம்பிக்கை. இவ்வளவு நம்பிக்கை மேல் நிற்பதற்கு இரும்பு எதற்கு என்று சில நாள் தோன்றும்.

முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பொதுக் குறிப்புகள் என்று இருபத்திரண்டு வரி உண்டு. பதினேழாவது குறிப்பாக ஒன்று சேர்த்தேன்: "இதை வாசிப்பவருக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு டீ இலவசம்." இரண்டு வருடம் அந்த வரி எல்லாத் தாள்களிலும் போனது. ஒருவரும் டீ கேட்டு வரவில்லை.

பிறகு மேகத்தைக் கண்டுபிடித்தேன். அதாவது, அது என்ன வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடித்தேன். ஒரு படத்தில் திருத்தம் செய்தால், திருத்திய இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி வளைவு வளைவாக ஒரு கோடு போட வேண்டும். எது மாறியது என்று மற்றவர்கள் உடனே பார்க்கட்டும் என்பதற்காக. நல்ல வழக்கம்தான். அதன் பலன் என்னவென்றால், மேகத்துக்குள் இருப்பதை மட்டும்தான் பார்ப்பார்கள். அதற்கு வெளியே இருப்பது போன தடவை பார்த்தது, சரியாக இருந்தது, முடிந்த கதை. தாளின் ஒரு மூலையில் சின்ன மேகம் ஒன்று போட்டுவிட்டால் மீதித் தாள் முழுக்க என்னுடையது.

ஒரு கிடங்குக்கு வரைந்தபோது, மேகத்துக்கு வெளியே ஒரு தகட்டை மீன் வடிவத்தில் மாற்றினேன். வால், துடுப்பு எல்லாம் உண்டு. கண்ணுக்கு ஒரு துளை, அதில் ஒரு போல்ட்டும் வந்தது. பலத்தில் எந்தக் குறையும் வைக்கவில்லை. மாமா கையெழுத்துப் போட்டார், மூன்று நிறத்தில். முத்திரை விழுந்தது. பட்டறையில் மீனை வெட்டினார்கள். மேலே ஏற்றி மாட்டினார்கள். இன்றும் அந்தக் கூரைக்குக் கீழே இரும்பு மீன் ஒன்று நீந்துகிறது. போய்ப் பாருங்கள், நன்றாகவே தாங்குகிறது.

அந்த மீனைப் பற்றி நிறைய யோசித்தேன். ஒருவர்கூட ஏன் கேட்கவில்லை? தாங்குகிற மீனை யார் கேட்பார்கள் என்று பிறகு புரிந்தது. கெடுதல் இல்லாத ஒன்றைக் கவனிக்காமல் விடுவது குற்றமாகாது. அது நான் வைத்த தேர்வின் குறை. தேர்வு என்றால் தோற்பதற்கு அதில் ஏதாவது இருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் கட்டடத் தொழில் சங்கத்தில் மாமாவுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். "பிழையில்லாப் பணி" என்று அதில் பொறித்திருந்தது. வீட்டுக்கு எட்டுப் பத்துப் பேர் வந்தார்கள். நான் டீத் தட்டோடு வந்தபோது ஒருவர், "இது யாரு?" என்று கேட்டார்.

"மச்சினி. நம்ம ஆபீஸ் பிரிண்டர்" என்றார் மாமா. "பேப்பரை வெச்சுட்டா போதும், சத்தமே வராது. ஊமை ஊரைக் கெடுக்கும்னு சொல்லுவாங்க. நம்ம ஊமை ஊரையே கட்டுது."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா, "பாவம், அவளைக் கிண்டல் பண்ணாதீங்க" என்று சொல்லிக்கொண்டே அதிகமாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இதைக் காரணமாக எழுதிவிடாதீர்கள். ஒரு ஹாஸ்யத்துக்காக யாரும் கட்டடத்தைச் சாய்க்க மாட்டார்கள். நான் மறுநாள்தான் அதைப் பற்றி யோசித்தேன், அதுவும் வேலை நேரத்தில்.

நான்கு மாடிக் கட்டடத்தின் படங்கள் அப்போது மூன்றாவது திருத்தத்துக்கு வந்திருந்தன. தரைமாடியில் ஒரு கதவை ஓரடி தள்ளி வைக்கச் சொல்லியிருந்தார்கள். கதவைத் தள்ளினேன், சுற்றி மேகம் போட்டேன். வெளியே, தரைமாடியின் நான்கு சாய்வுக் கம்பிகளிலும், எட்டுத் துளை இருந்த தகட்டில் ஆறை அழித்தேன். ஆறு அழிக்க ஆறு நொடிகூட ஆகவில்லை.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு போல்ட் தாங்குவது நூறு என்று வையுங்கள். காற்று அடித்தால் அந்த மூலை தாங்க வேண்டியது எழுநூற்று இருபது. அதனால் எட்டு. நான் விட்டது இரண்டு. எழுநூற்று இருபது என்ற எண்ணை அந்தத் தாளின் அட்டவணையிலேயே மாற்றாமல் விட்டேன். அதற்குப் பக்கத்திலேயே இரண்டு போல்ட்டின் படம். நான் எதையும் ஒளிக்கவில்லை. வகுத்தல் தெரிந்த யாரும் கண்டுபிடிக்கலாம். வகுத்தல் மூன்றாம் வகுப்பில் சொல்லித்தருகிறார்கள், அதுவரை நானும் போயிருக்கிறேன்.

யாரையும் கொல்லும் எண்ணம் எனக்கில்லை. கட்டி முடியும்வரை இரும்புக் கூட்டை நாலா பக்கமும் கம்பிக் கயிறு கட்டி இழுத்து நிறுத்தியிருப்பார்கள், கூடாரம் மாதிரி. சாய்வுக் கம்பிகளை முடுக்கிய பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பார்கள். அதுவரை இரண்டு போல்ட் இருந்தாலும் ஒன்றுமில்லை, போல்ட்டே இல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை. கயிறு அவிழ்க்கும் நாளுக்கு அப்போது முப்பத்தைந்து நாள் இருந்தது. ஒரு வகுத்தல் கணக்குக்கு முப்பத்தைந்து நாள் எந்தப் பள்ளியிலும் கொடுக்க மாட்டார்கள். ஒரே ஒருவர், ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் போதும். ஆறு துளையையும் திரும்பப் போட்டுக் கொடுத்திருப்பேன்.

முதல் நாள் மாமாவின் மேசையில் தாளை வைத்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கேடயத்தோடு எடுத்த போட்டோவுக்கு எந்தச் சட்டம் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமல் நீலம், கறுப்பு, பச்சை போட்டார். பச்சைப் பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்து மறுபடி போட்டார். ஒரு தாளுக்கு அவர் செலவழித்த அதிக நேரம் அதுதான்.

அன்று சாயங்காலமே முத்திரை விழுந்து வந்தது. மேகத்துக்குள் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம். கதவு ரொம்பச் சரி.

ஒன்பதாவது நாள் சாப்பிடும்போது நானே வாயைத் திறந்தேன். நான் பேசியதும் அக்கா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"மாமா, அந்த நாலு மாடி ஷீட்டை ஒரு தடவை பாத்துடுங்களேன்."

"ஏம்மா, என்ன அதுல?"

"ஒண்ணுமில்ல. சும்மா பாருங்க."

"நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்து, "இவ மாதிரி ஒரு ஆளு எந்த ஆபீஸ்ல கிடைக்கும் சொல்லு?" என்றார்.

"அப்ப சம்பளத்தைக் கூட்டுங்க" என்றாள் அக்கா.

"குடும்பத்துக்குள்ள என்ன சம்பளம்? குழம்பை ஊத்து."

ஏன் நேராகச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நேராகச் சொல்லிவிட்டால் அது தேர்வாகாது. கேள்வித்தாளின் பின்பக்கத்தில் விடையை அச்சிட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பாருங்கள் என்று சொன்னதே அதிகம். அன்று ராத்திரி எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

முப்பத்தைந்தாவது நாள் கயிற்றை அவிழ்த்தார்கள். கட்டடம் நின்றது. அது எதிர்பார்த்ததுதான். இரண்டு போல்ட் இருநூறு தாங்கும், சுவர் ஏறாத வெறும் கூட்டுக்குள் காற்று புகுந்து வெளியே போய்விடும். சுவர் எழும்பும்வரை ஆபத்தில்லை என்று என் கணக்கு. அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. இரண்டு மாதத்தில் யாராவது படித்துவிடுவார்கள். நான் அவ்வளவு பொறுமையாகத்தான் இருந்தேன்.

இங்கேதான் என் கணக்கு தப்பியது. கட்டடத்தின் சொந்தக்காரர் தெருவைப் பார்த்த பக்கம் முழுக்க ஒரு விளம்பரப் பதாகை கட்டியிருந்தார். மூன்று மாடி உயரம். "உங்கள் கனவு உயர்கிறது" என்று போட்டு, ஒரு குடும்பம் வானத்தைப் பார்த்துச் சிரிக்கிற படம். பாய்மரம் மாதிரி அது காற்றைப் பிடித்தது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, படத்திலும் இல்லை. அதைக் கணக்கில் சேர்க்காதது என் தவறு. என் பக்கம் தவறு என்று ஒன்று வேண்டுமானால் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டடம் விழுந்த அன்று புயல் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக் கொடியில் துணி கொஞ்சம் வேகமாக ஆடியது, அவ்வளவுதான். பார்த்தவர்கள் சொன்னார்கள், இடிந்த மாதிரி இல்லையாம். நின்று நின்று களைத்த ஆள் சுவரில் சாய்கிற மாதிரி மெதுவாகச் சாய்ந்ததாம். போல்ட் வெட்டுப்பட்டால் அப்படித்தான் இருக்கும். தகடு கிழிந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். தகட்டை நான் ஒன்றும் செய்யவில்லை.

இப்போது நான் ஏன் வந்தேன் என்பது. மாமாவைப் பிடித்துப்போன மறுநாள் பேப்பரில் அந்த மூலையின் படம் வந்தது. என் தாள்தான். கோடெல்லாம் கூர்மையாக, நன்றாக அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே, "வடிவமைத்தவர்" என்று மாமாவின் முகம். டிவியில் ஒரு பேராசிரியர் வந்து, "இவ்வளவு தேர்ந்த கை இப்படி ஒரு காரியத்தைச் செய்தது எப்படி என்று புரியவில்லை" என்றார். தேர்ந்த கை என்று இரண்டு முறை சொன்னார். திரையில் மாமாவின் கையைக் காட்டினார்கள். அந்தக் கைக்கு ஒரு வட்டம் ஒழுங்காகப் போட வராது. உண்மை வெளியே வர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மாமா நிரபராதி. அவர் அந்தப் படத்தைச் செய்யவில்லை. சொல்லப்போனால் எந்தப் படத்தையும் அவர் செய்ததில்லை.

அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். அடுக்களையில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"நான்தான்க்கா செஞ்சேன்."

"நீ என்னடி செஞ்சே? அவர் சொன்னதை வரைஞ்சே."

"அவர் எதுவும் சொல்லலக்கா. நானே கணக்குப் போட்டேன். நானே குறைச்சேன்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு எதுக்குடி இந்தப் பெரிய பேச்செல்லாம்" என்றாள். சற்றுக் கழித்து, குரலை இறக்கி, "இப்படிப் போய்ச் சொன்னா அவரை விட்டுடுவாங்களா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உயிர் உள்ளவரை இந்த உதவியை மறக்க மாட்டாளாம். பையில் இரண்டு மாற்றுத் துணி, சோப்பு, சீப்பு எல்லாம் அவளே எடுத்து வைத்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறாளே, அது மாமாவுக்காகப் பாதி, என் தியாகத்துக்காகப் பாதி. அவளைப் பார்த்துத்தான் நீங்களும் நல்ல மனசு என்கிறீர்கள்.

அத்தாட்சி கேட்கிறீர்கள். நியாயம்தான். கணினியைப் பார்க்கச் சொல்லலாம், ஆனால் அதைத் திறப்பது மாமாவின் பெயரில்தான். பட்டறைக்காரர்கள் மாமாவிடம்தான் பேசுவார்கள். முத்திரை என்னைப் பார்த்தது ஒரே முறை, அன்று நான் டீ கொண்டுபோனேன். பதினோரு வருடம் அந்த வேலையை நான் செய்ததற்கு எங்கேயும் ஒரு தடயம் இல்லை. இவ்வளவு சுத்தமாக எந்தக் குற்றவாளியும் இருந்திருக்க மாட்டான்.

ஒரே ஓர் ஆள் உண்டு. அவரைப் பற்றிச் சொல்லாமலே முடித்துவிடலாம் என்றுதான் வந்தேன். நீங்கள் நம்பியிருந்தால் சொல்லியிருக்கவும் மாட்டேன்.

கயிறு அவிழ்ப்பதற்கு நான்கு நாள் முன்பு, காலை பதினோரு மணி. மாமா போட்டோவுக்குச் சட்டம் வாங்கப் போயிருந்தார். அலுவலகப் போன் அடித்தது. நான் எடுப்பதில்லை. நின்று, மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை எடுத்தேன்.

"சார் இருக்காரா?"

"இல்ல."

"சைட்ல மேஸ்திரி பேசறேன்மா. ஒண்ணுமில்ல, கீழ்மாடி சாய்வுக் கம்பி நாலுலயும் ரெண்டு ரெண்டு போல்ட்டு காட்டுது. மேல்மாடிக்கே ஆறு இருக்கு. கீழதானே அதிகமா வரணும்? தலைகீழா இருக்கேன்னு ஒரு சந்தேகம். கயிறை அவுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு. இதை யாரும்மா வரைஞ்சது? அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்."

"நான்தான் வரைஞ்சேன்" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்படியா! இந்த ஷீட்டு மட்டுமா, எல்லாமேவா?" என்றார்.

"எல்லாமே. பதினோரு வருஷமா."

"அடேயப்பா. உங்க படம் ரொம்பச் சுத்தமா இருக்கும்மா. உங்க ஆபீஸ் ஷீட்டுன்னா கண்ணை மூடிட்டு இரும்பு ஏத்தலாம்னு ஆளுங்ககிட்ட சொல்லிட்டே இருப்பேன். அந்தக் குறிப்புல டீ தர்றதா போட்டிருப்பீங்களே, அதுகூட நீங்கதானா? வரணும்னு நினைச்சுப்பேன், வேலை விடாது." சிரித்துவிட்டுக் கேட்டார்: "சொல்லுங்கம்மா. ரெண்டு சரிதானா?"

நீங்களே என் இடத்தில் இருந்து பாருங்கள். ஒருவர் என் படத்தை முழுக்கப் படித்திருக்கிறார். சுத்தம் என்கிறார். நான் வரைந்தேன் என்று சொன்னதை அப்படியே நம்புகிறார். அடுத்த மூச்சிலேயே, இல்லை, அதில் தப்பு இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"வரைஞ்சவங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் என்ன. எதுக்கும் உங்க பேரைச் சொல்லுங்கம்மா, ஷீட்டு ஓரத்துல எழுதி வெச்சுக்கறேன். நாளைக்கு எவனாவது கேட்டா சொல்லணுமில்ல."

சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொல்லி எழுதினார். இனிஷியல் என்ன என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

கட்டடம் விழுந்தபோதும் அந்தத் தாளை அவர் மடித்துச் சட்டைக்குள்தான் வைத்திருந்திருப்பார். அவருடைய பொருள்களோடு உங்கள் ஆட்கள் எடுத்து வைத்திருப்பார்கள். பிரித்துப் பாருங்கள், ஓரத்தில் பென்சிலில் என் பெயர் இருக்கும். உங்களுக்கு வேண்டிய சாட்சி அதுதான். வழக்கு முடிந்த பிறகு அதை எனக்குக் கொடுக்க முடியுமா என்று மட்டும் மேலே கேட்டுச் சொல்லுங்கள். கறை இருந்தால் பரவாயில்லை, பெயர் தெரிந்தால் போதும்.